எத்தனை மணி நேரத்துக்கு நம்பலாம்?

ஒரு மென்பொருளை நம்பலாமா என்று யாராவது கேட்டால், ‘எவ்வளவு நேரத்துக்கு, எந்தச் சூழலில்?’ என்று திருப்பிக் கேளுங்கள். குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலம் பழுதின்றி ஓடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் பொறியாளர்கள் நம்பகத்தன்மை என்கிறார்கள். நேரத்தையும் சூழலையும் சொல்லாவிட்டால் அந்த அளவுக்குப் பொருளே இல்லை.

வளைகுடாப் போரில் இந்தக் கேள்வியை மறந்தது உயிர்களைப் பறித்தது. 1991 பிப்ரவரி 25 அன்று ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு எதிர் ஏவுகணையை ஏவவே இல்லை.

கோளாறு நேரக் கணக்கில் இருந்தது. பேட்ரியாட்டின் கணினி, நொடியைப் பத்தாகப் பிரித்து எண்ணும். 0.1 என்பதை இரும எண்ணில் எழுதினால் முடிவில்லாமல் நீளும்; 24 பிட்டுக்குள் அடக்குவதற்காக மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் வரும் பிழை, நொடியில் கோடியில் ஒரு பங்குதான். ஆனால் அன்று அந்தக் கணினி சுமார் 100 மணி நேரம் இடைவிடாமல் ஓடியிருந்தது. அதற்குள் 36 லட்சம் எண்ணிக்கைகள். பிழை மூன்றில் ஒரு நொடியாக வளர்ந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ரேடார் அதை வேறிடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் சில மணி நேரம் ஓடி, இடம் மாறும் அமைப்பாகத்தான் பேட்ரியாட்டை வடிவமைத்திருந்தார்கள். அப்படிப் பயன்படுத்தியவரை இந்தப் பிழை யாரையும் தொந்தரவு செய்யவில்லை. பயன்பாடு மாறியது, நம்பகத்தன்மை சரிந்தது. எட்டு மணி நேரத்திலேயே குறி விலகுவதை இஸ்ரேலியர்கள் கவனித்து முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். நீண்ட நேரம் ஓட்டினால் சிக்கல் வரலாம் என்று படைப்பிரிவுகளுக்கும் செய்தி போனது. எத்தனை மணி நேரம் ‘நீண்ட நேரம்’ என்று மட்டும் அதில் இல்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். அணைத்துப் போட்டிருந்தாலே கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது.

பிழைகளை எண்ணுவதால் நம்பகத்தன்மை தெரிந்துவிடாது. நிஜத்தில் ஓடப்போகும் விதத்தில், அத்தனை நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அப்படி ஒரு குறை ஆய்வகச் சோதனையிலேயே தெரியவந்தது: 248 நாள் தொடர்ந்து இயங்கினால் அது முடங்கிப்போகும். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அந்த எண்ணைக் குறிப்பிட்டே, அதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தித் தொடங்கும்படி விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.