பிளாட்டுக்கும் பட்டாசுக்கும் நடுவுல எத்தனை மீட்டர்?

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள். "எந்த ஊரு?" "ஆலங்குளம்." "ஓ... தென்காசி ஆலங்குளமா?" அய்யோ, அது இல்லீங்க! இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமென்ட் ஆலை 1970ல் வந்ததே, அந்த ஆலங்குளம். மூணு வருஷமா இதே விளக்கத்தைச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு.

வீடு கட்டுற சிமென்ட் எங்க ஊர்ல ரெடி. அந்த வீட்டை எங்கே கட்டுறதுங்கிறதுதான் இப்போ எங்க வீட்டில் நடக்கும் பட்டிமன்றம்!

சிவகாசிப் பக்கம் பஸ்ஸில் வந்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீங்க. ரோட்டை விட்டுத் தள்ளி, கம்பி வேலிக்குள்ளே, சின்னச் சின்ன ஓட்டு ரூம்கள். ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவே வேப்பமரமும் வெற்றிடமும். சின்ன வயசில், "ஏன் இவ்வளவு இடத்தை வேஸ்ட்டா விட்டிருக்காங்க?"ன்னு பெரியம்மாகிட்ட கேட்டிருக்கேன். அவங்க பட்டாசு வேலைக்குப் போறவங்க. எங்க பக்கம் அதை 'பயர் ஆபீஸ்'னுதான் சொல்லுவோம். "ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கணும்லா தாயி"ன்னு சாதாரணமா சொன்னாங்க. அந்த பதிலோட கனம் புரிய எனக்கு எஞ்சினியரிங் வரைக்கும் ஆச்சு.

அந்த வேலிக்கு இந்தப் பக்கம் இன்னொரு காட்சி. கலர் கலரா கொடிகள், வெள்ளையடிச்ச கல், ஆர்ச், 'பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்' போர்டு. (எந்த வண்டியில் 5 நிமிஷம்னு மட்டும் எழுத மாட்டாங்க!) எங்க பெரியப்பா பக்கத்து ஊர் ஒன்றில் இப்படி ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கார். மனைக்கும் பயர் ஆபீஸ் வேலிக்கும் நடுவே ஒரு மானாவாரிக் காடு. இப்போ அந்தக் காட்டையும் பிளாட் போட்டு 'செகண்ட் ஃபேஸ்' வரப்போகுதுன்னு பேச்சு. பெரியப்பாவுக்கு முதலில் ஏக குஷி, நம்ம மனை விலை ஏறுமே! அடுத்த நாளே குஷி போயிடுச்சு. காரணம் பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி: "அங்க வீடு வந்துட்டா ஆபீசுக்கு லைசென்ஸ் இருக்குமா?"

இது சும்மா கேட்ட கேள்வி இல்லை.

பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் கொடுப்பது வெடிபொருள் விதிகள், 2008ன் கீழ். அளவைப் பொறுத்து டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ்னு எங்க ஊர்ப் பெரிசுகள் ரேங்க் லிஸ்ட் மாதிரி சொல்வாங்க. எதுவாக இருந்தாலும், வெடிபொருள் இருக்கும் கட்டடத்துக்கும் வெளியே மக்கள் குடியிருக்கும், வேலை செய்யும், கூடும் கட்டடங்களுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருந்தாகணும்னு விதி அட்டவணை போட்டு வெச்சிருக்கு. வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தியேட்டர் எல்லாம் இந்த லிஸ்டில் உண்டு. எவ்வளவு மருந்து வெச்சிருக்கோமோ அதைப் பொறுத்து தூரமும் கூடும்.

இங்கேதான் என் பாடப்புத்தகம் உதவிக்கு வந்தது. வெடிச்சத்தின் அதிர்வு எவ்வளவு தூரம் போகும்னு 1915 வாக்கில் கேம்பிரிட்ஜ் எஞ்சினியரிங் பேராசிரியர் ஹாப்கின்சன் ஒரு கணக்கு சொன்னார். ஆபத்தான தூரம், வெடிமருந்து எடையின் கனமூலத்தை ஒட்டி வளரும். அதாவது மருந்து எட்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். கேட்க ஆறுதலா இருக்கு, இல்ல? இப்போ அதையே திருப்பிப் போடுங்க. வீடு பாதி தூரத்துக்கு நெருங்கி வந்தால், அதே அளவு பாதுகாப்புக்கு மருந்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கணும். 800 கிலோ வெச்சிருந்த இடத்தில் 100 கிலோ! விதியில் உள்ள நிஜ அட்டவணை படிப்படியாகப் போகும், பட்டாசு ரகத்தைப் பொறுத்தும் மாறும். இது நோட்டில் போட்ட கணக்குதான். ஆனால் விஷயம் புரிஞ்சிடும்... ஒரு காட்டை பிளாட் போட்டால் அந்த வேலிக்குள்ளே எத்தனை பேருக்கு வேலை குறையும்னு.

சட்டப்படி குறைச்சால் வேலை போகும். குறைக்காமல் அப்படியே ஓட்டினால்? அதைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆலையில் தீப்பிடிச்ச தகவல் கேட்டு சுற்றுவட்டாரத்து ஜனங்க உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிப் போனாங்க. அப்புறம்தான் பெரிய வெடிப்பு. 38 பேருக்குக் குறையாமல் இறந்தாங்க, அதில் நிறைய பேர் ஆலைத் தொழிலாளிகளே இல்லை. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பலி. அதில் ஒருத்தர் கல்லூரி மாணவி. இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களையும் என்னையும் மாதிரி ஒருத்தி.

ஊருக்குள்ளேயே நடந்ததும் இருக்கு. 2016 அக்டோபர் 20, சிவகாசி பைபாஸ் ரோடு. பட்டாசு ஏற்றும்போது பிடித்த தீயின் புகை பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் போனது. வைத்தியம் பார்க்க வந்தவங்க மூச்சுத் திணறினாங்க. அன்றைக்கே 8 பேர் இறந்துட்டாங்க. அவங்க யாரும் பட்டாசைத் தொட்டவங்க இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்தாங்க, அவ்வளவுதான்.

இதில் ஒரு விசித்திரம். அதே 2016 அக்டோபர் 20 தேதியை தமிழ்நாட்டில் மனை வாங்கின லட்சக்கணக்கான குடும்பங்களுக்கும் நல்லா தெரியும், வேற காரணத்துக்காக! அந்த வருஷம் செப்டம்பர் 9ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலமும் கண்மாயும் கண்மூடித்தனமா பிளாட் ஆகுதுன்னு போட்ட பொதுநல வழக்கு அது. பத்திர ஆபீஸ்கள் காத்து வாங்கின காலம். பிறகு 2017 மே மாசம், ஏற்கெனவே போட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டு வந்தது. அதற்கு வெச்ச கட்-ஆஃப் தேதிதான் 2016 அக்டோபர் 20. அதுக்குள்ளே பதிவான மனைன்னா பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம். நமக்கெல்லாம் கட்-ஆஃப்னா கவுன்சலிங்தான் ஞாபகம் வரும். எங்க பெரியப்பாவுக்கு அந்தத் தேதிதான் கட்-ஆஃப்.

பெரியப்பா தன் ஃபைலை எடுத்து விரிச்சார். வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், எல்லாம் பக்கா. அ-பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்கு இல்லைன்னும் பார்த்தாச்சு. எல்லாத்தையும் நானும் புரட்டினேன். ஒரு தாளிலாவது 'வேலிக்கு அந்தப் பக்கம் பயர் ஆபீஸ் இருக்கு'ன்னு ஒரு வரி? ம்ஹூம். வில்லங்கம் என்றால் நம்ம சர்வே நம்பரில் உள்ள கடன், அடமானம் மட்டும்தான். அடுத்த சர்வே நம்பரில் இருக்கிற வில்லங்கத்துக்கு எந்த ஆபீசிலும் சான்று கிடையாது!

ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது வீடு எவ்வளவு தூரம்னு அளக்கிறாங்க. மனை வாங்குகிற நாம் ஆலை எவ்வளவு தூரம்னு அளக்கிறதில்லை. அது போக இன்னொரு ஓட்டையும் இருக்கு. கல் நட்டு வெச்சிருக்கிற வரைக்கும் அது வெறும் காடு. குடி வந்தால்தான் வீடு. பத்து வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் லோன் போட்டு முதல் வீட்டைக் கட்டும்போதுதான் பிரச்னை முளைக்கும். அதற்குள் பிளாட் போட்டவர் வேற ஊரில் வேற பெயரில் ஆர்ச் வெச்சிருப்பார்.

'நம்ம நாட்டில்தான் இப்படி'ன்னு சலிச்சுக்க ரெடியா? ஒரு நிமிஷம். நெதர்லாந்தில் என்ஸ்கெடேன்னு ஒரு ஊர். அங்கே 1977ல் ஒரு பட்டாசுக் கிடங்கு கட்டினாங்க. அப்போ அது ஊருக்கு வெளியே. ஊர் வளர வளர கிடங்கைச் சுற்றிக் குடியிருப்புகள் வந்தன. பெரும்பாலும் வசதி குறைந்தவர்களின் வீடுகள். 2000 மே 13, சனிக்கிழமை. கிடங்கு வெடிச்சது. 23 பேர் இறந்தாங்க, அதில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். சுமார் 950 பேருக்குக் காயம், சுமார் 400 வீடுகள் காலி. பக்கத்தில் பட்டாசு இருப்பதே அங்கே நிறைய பேருக்குத் தெரியாதாம். பணக்கார நாடு, பக்கா பிளானிங் உள்ள நாடு, அங்கேயே கிடங்குக்கு லைசென்ஸ் இருந்தது, வீடும் லீகல். நடுவிலிருந்த தூரத்தை மட்டும் யாரும் காவல் காக்கலை. அப்புறம் அந்தப் பகுதியைத் திரும்பக் கட்டும்போது அங்கே இருந்தவர்களையே கேட்டுக் கேட்டுப் பிளான் போட்டாங்க. அந்தக் கேள்வியை முன்னாடியே கேட்டிருக்கலாம்.

நம்ம கதையில் ஒரு வித்தியாசம் உண்டு. என்ஸ்கெடேவில் குடியிருந்தவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த மனையை வாங்கிய காசே பயர் ஆபீஸ் காசு! வாரச் சம்பளத்தில் சீட்டுக் கட்டி, சீட்டு எடுத்து வாங்கினது. பெரியம்மாகிட்ட கனமூலம், எட்டில் ஒரு பங்கு எல்லாம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு அவங்க சொன்னது:

"வீடு வேணும்னுதான் வேலைக்குப் போறேன். வீடு வந்தா வேலை போயிரும்ங்குற. வேலை நின்னா வீட்டுக்குப் பயம்ங்குற. ஏதாவது ஒண்ணச் சொல்லு தாயி."

செமஸ்டரில் கூட இப்படி முழிச்சதில்லை.

யோசிச்சுப் பார்த்தால் எனக்குத் தோணுறது இதுதான். அந்த நடுக்காடு காடாவே இருக்கட்டும். அந்த வெற்றிடம்தான் ரெண்டு பக்கத்தையும் காப்பாத்துது. ஆனால் அந்தக் காட்டுக்காரர் மட்டும் எதுக்கு நஷ்டப்படணும்? மழையை நம்பி மக்காச்சோளம் போட்டு ஓய்ஞ்சு போனவர். பக்கத்துக் காட்டுக்கு பிளாட் விலை கிடைச்சதைப் பார்த்தவர். அவர் விற்க நினைப்பதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தூரம் யாருக்கு லைசென்ஸ் கொடுக்குதோ அவங்கதான் அந்தத் தூரத்துக்கு விலையும் கொடுக்கணும். ஆலைக்காரர் அந்தக் காட்டை வாங்கட்டும், இல்லைன்னா குத்தகைக்கு எடுக்கட்டும். இதைப் பெரியப்பாகிட்ட சொன்னேன். "அதெல்லாம் நீ ஆபீசராகி வந்து செய்யி"ன்னு சிரிச்சுட்டார். இருந்தாலும் யோசிச்சார்னு நினைக்கிறேன். ஏன்னா டீயை ஆற விட்டுட்டார்!

இப்போதைக்குச் செய்யக்கூடிய வேலைகள் கொஞ்சம் இருக்கு. புது மனைப்பிரிவுன்னா டி.டி.சி.பி. அப்ரூவல் வேணும், வெறும் 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துடுங்க. 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள திட்டத்தை 2017ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பண்ணியிருக்கணும், அந்த நம்பர் விளம்பரத்திலேயே இருக்கணும். அதைவிட முக்கியமா, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. அங்கே எழுந்து நின்னு கேட்கலாம், மனு கொடுக்கலாம், கலெக்டருக்கும் வெடிபொருள் துறைக்கும் காப்பி அனுப்பலாம். ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு எதிரா நாம எழுதுற லெட்டரை விட இது சுலபம்தான்!

போன லீவில் நானும் பெரியப்பாவும் மனைக்குப் போனோம். நான் மொபைல் மேப்பில் கல்லுக்கும் வேலிக்கும் கோடு போட்டு அளந்தேன். அவர் அதை நம்பாமல், காட்டுக்குள்ளே எட்டு வெச்சு எண்ணிக்கிட்டே போனார். ரெண்டு கணக்கும் ஒட்டவே இல்லை. ராத்திரி வீட்டில் ரெண்டு பேரும் அதுக்காகச் சண்டை போட்டுக்கிட்டிருந்தோம். பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாங்க.

"வேலியில இருந்து அளந்தீகளா?"

"ஆமா."

"வேலியா வெடிக்கும்? மருந்து ரூமுல இருந்துல்ல அளக்கணும். பேப்பரு எடு, எந்த ரூமு எங்க இருக்குன்னு நான் சொல்றேன்."

செமஸ்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுக் கொடுத்தேன். முதல் கோடு போட்டது அவங்கதான்.