தீபாவளி லீவில் பாதி

நம் சங்கத்தில் ஜாதகப் பரிவர்த்தனைக்கு ஆள் உண்டு, சீமந்தத்துக்குப் பாத்திரம் பண்டம் உண்டு. விவாகரத்தான வீட்டுக் குழந்தை எந்தச் சனிக்கிழமை யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தால் மட்டும் எல்லோரும் காபி டம்ளரைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனாலும் சென்ற ஆண்டு நம் அன்பர்கள் மூன்று பேர் என்னைத் தனியே அழைத்து, "உங்க கேஸ்ல என்ன சார் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். மூன்று பேருக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரு தரமாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் விவாகரத்து 2016ல், பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில், இருவர் சம்மதத்தோடு முடிந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் தாயாரிடம் இருப்பது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் என்னிடம் வருவது. தீபாவளி லீவிலும் கோடை லீவிலும் பாதிப் பாதி. செம்பூருக்கும் முலுண்டுக்கும் இடையே அது நன்றாகவே நடந்தது.

2019ல் அவள் தாயாருக்குக் கோவையில் வேலை கிடைத்தது. அங்கேதான் அவர் பெற்றோரும் இருக்கிறார்கள். போனது நியாயமே. ஆனால் உத்தரவு மும்பையிலேயே நின்றுவிட்டது. இங்கே பள்ளிகளுக்குத் தீபாவளி லீவு இரண்டு மூன்று வாரம். கோவையில் அது ஓரிரு நாள். அதில் பாதி என்ன, ஒரு வேளைச் சாப்பாடா? அங்கே உள்ள காலாண்டு லீவும் அரையாண்டு லீவும் பொங்கலும் எங்கள் உத்தரவில் கிடையாது. "உத்தரவில் இல்லாததைக் கேட்காதீர்கள்" என்று ஒரு வரிச் செய்தி வந்தது. சனிக்கிழமை என்றால் குர்லாவிலிருந்து ஒரு நாளுக்கும் மேலான ரயில் பயணம். இறங்கிப் போய் நின்றால் குழந்தைக்கு ஜுரம். அடுத்த முறை பாட்டுப் பரீட்சை. அதற்கடுத்த முறை வீடு பூட்டியிருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பார்கள்.

நண்பர்கள் இரண்டு யோசனை சொன்னார்கள். ஜீவனாம்சத்தை நிறுத்து என்பது ஒன்று. அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்க்க விட்டாலும் விடாவிட்டாலும் பள்ளிக்கூடச் சம்பளம் குழந்தைக்குச் சேரவேண்டியது. நிறுத்தினால் அடுத்த வாய்தாவில் நம் வழக்கே கவிழும். கோர்ட் உத்தரவை மீறினதற்கு நிறைவேற்று மனு போடு என்பது மற்றது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. சொத்தை ஜப்தி செய்யலாம், சிவில் சிறைக்கும் அனுப்பலாம். என் வக்கீலம்மா கேட்டார்: "அம்மாவை உள்ளே வச்ச அப்பாவோட எந்தப் பொண்ணு சார் ஐஸ்கிரீம் சாப்பிட வரும்?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. தவிரவும், பழைய உத்தரவை அப்படியே நிறைவேற்றினால்கூட எனக்குக் கிடைப்பது தீபாவளி லீவில் பாதிதானே!

ஆகவே உத்தரவை மாற்றக் கேட்டோம். குழந்தை யாரிடம் இருப்பது, யார் எப்போது பார்ப்பது என்கிற தீர்ப்பு கல்லில் வெட்டியதல்ல. நிலைமை மாறினால், குழந்தையின் நலம் கேட்டால், மாற்றலாம். 1973ல் ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு. மனுவை எங்கே போடுவது என்பதில் எல்லோரும் குழம்புகிறார்கள். 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டப்படி புதிதாகப் போட்டால், குழந்தை சாதாரணமாக வசிக்கும் ஊரில், அதாவது கோவையில், போடவேண்டும். எங்களுடையது இந்து திருமணச் சட்டப்படி வந்த தீர்ப்பு. அதன் 26ஆம் பிரிவு, தீர்ப்பு சொன்ன நீதிமன்றமே பிறகும் அவ்வப்போது மாற்றலாம் என்கிறது. எனவே பாந்த்ராவிலேயே போட்டோம். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டவர்களுக்கு அதன் 38ஆம் பிரிவு இதே வேலையைச் செய்கிறது.

என் கையில் இருந்த ஆயுதம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். எந்தத் தேதி போனேன், எத்தனை மணிக்குக் காத்திருந்தேன், என்ன பதில் வந்தது. ரயில் டிக்கெட்டுகளை அதிலேயே ஒட்டி வைத்தேன். கோபத்தை எழுதவில்லை. நீதிபதி அதை ஐந்து நிமிஷம் புரட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் அதன் பிறகு ஜுரத்தைப் பற்றிப் பேசவில்லை.

வாய்தா மேல் வாய்தாவாக 2020 மார்ச் வந்தது, ஊரடங்கும் வந்தது. அதே வருடம் ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்சநீதிமன்றம், பெற்றோர் வேறு வேறு மாநிலங்களில் இருந்தால் வீடியோ அழைப்பு நல்ல வழி, விசேஷக் காரணம் இல்லாவிட்டால் தினமும் ஐந்து பத்து நிமிஷமாவது பேச உரிமை உண்டு என்று சொல்லியிருந்தது. என் வக்கீலம்மா அதைக் காட்டி இடைக்கால உத்தரவு வாங்கினார். முதல் அழைப்பில் மகள் முகத்தைக் காட்டவில்லை. மின்விசிறிதான் தெரிந்தது. நானும் பேசச் சொல்லவில்லை. அன்று சமைத்த வற்றல் குழம்பு அடிப்பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் மின்விசிறிக்குப் பின்னாலிருந்து, "புளி ஜாஸ்தி ஊத்திட்டீங்களாப்பா?" என்று குரல் வந்தது.

நீதிமன்ற ஆலோசகர் குழந்தையிடம் தனியே பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கிற பெற்றோரைக் கண்டால் எனக்குப் பிடிப்பதில்லை.

2021ல் வந்த உத்தரவு பழையதைப்போல இரண்டு வரி அல்ல, மூன்று பக்கம். புதனும் ஞாயிறும் இரவு ஏழரைக்கு அழைப்பு, தவறினால் மறுநாள். அரையாண்டு லீவு என்னிடம், பொங்கல் அங்கே. கோடையில் முதல் நான்கு வாரம் என்னிடம். பயணத் தேதியை 90 நாள் முன்னதாக, டிக்கெட் நகலோடு நான் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். குழந்தையை ஒப்படைக்கும் இடம் வீட்டு வாசல் அல்ல, கோவை ஜங்ஷன். ஒப்படைப்பவர் அவள் தாய்மாமன். வாசலில் நடக்கிற சண்டையில் பாதி இந்த ஒரு வரியால் நின்றது. என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்கு முதல் நாள் சங்கடம். ரயில் கிளம்பும்போது பழக்கதோஷத்தில், "மாப்ளே, இட்லி பொட்டலம் மேல் பையில இருக்குது" என்றார். அப்படியே நிலைத்துவிட்டது.

எல்லாம் சுமுகம் என்று நினைக்கவேண்டாம். ரயில்வே முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. 90 நாள் முன்னால் டிக்கெட் நகலுக்கு நான் எங்கே போவேன்? இதைக் காட்டி, நான் நிபந்தனையை மீறுவதாக எதிர்த்தரப்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்த 90ஐ 50 என்று மாற்றச் சம்மதமா என்று கேட்டு நானும் எழுதியிருக்கிறேன். இருவரும் கையெழுத்துப் போட்டால் ஒரு பக்க மனு போதும் என்கிறார் வக்கீலம்மா. பதில் வராவிட்டால், மறுபடி பாந்த்ரா.