வெள்ளைப் பஞ்சு செய்த வினை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாவற்றையும் கழுவினோம். சன்னல், மின்விசிறி, காலணி அடுக்கு, கடைசியாக மீன்தொட்டி. இரண்டடித் தொட்டி, ஏறக்குறைய 60 லிட்டர். தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி, கூழாங்கற்களைத் தேய்த்து, பழுப்பேறிய வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்தேன். கண்ணாடி பளபளத்தது. எனக்கும் பெருமைதான்.

மூன்றாம் நாள் காலை, நான்கு தங்கமீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாலைக்குள் இரண்டு போய்விட்டன. பூந்தொட்டியில் புதைக்கும்போது ஏழு வயது மகள் கேட்டாள்: “நாம கழுவினதாலதானே செத்துப்போச்சு, அப்பா?”

“வயசாயிடுச்சும்மா” என்றேன். பொய். வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் தங்கமீன் பத்தாண்டுக்கு மேலும் வாழும்.

மருந்து வாங்க மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரச் சீனப் பெரியவர் மருந்து எதையும் எடுக்கவில்லை. “ஃபில்டரை எப்போ கழுவினே? எந்தத் தண்ணியில?” என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் அழுக்கென்று நினைத்த அந்தப் பழுப்பில்தான் தொட்டியின் உயிர் இருந்ததாம். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனின் செவுளை அரிக்கும் நஞ்சு. பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் தடுக்கும். வேறு நுண்ணுயிர்கள் அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரே காலையில் அதை ஒழித்துவிட்டேன்.

குழாய்த் தண்ணீரின் பங்கும் உண்டு. சிங்கப்பூர்க் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரமின் சேர்க்கிறார்கள். நமக்கு ஒன்றும் செய்யாது. மீனுக்கும் அந்த நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. என் அப்பா, “வாளியில ஒரு ராத்திரி வச்சிட்டா சரியாயிடும்டா” என்பார். அவர் மீன் வளர்த்தது கம்பத்துக் கிணற்றுத் தண்ணீரில். குளோரின் ஒரு நாளில் பறந்துபோகலாம், குளோரமின் அப்படிப் போகாது. தவிர, இந்த ஊரில் மூடாத வாளி ஏடிஸ் கொசுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. எனவே ஆன்டி-குளோரின் வாங்கும்போது, குளோரமினுக்கும் ஏற்றது என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா எனப் பாருங்கள்.

வாங்கி வந்த சோதனைப் பெட்டியில் மஞ்சளாக நிற்கவேண்டிய நீர் பச்சையானது. அம்மோனியா! தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றினேன். தீனியைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் காற்றுக் குமிழிக் கருவி ஒன்றையும் சேர்த்தேன். ஐந்தாம் நாள் மூன்றாவது மீனும் போனது. நான்காவது, வால்நுனி கிழிந்த சிவப்பு மீன், பிழைத்துக்கொண்டது.

அன்றிரவு மகளிடம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் கடை அங்கிள் சொன்னதை எழுதிக்கலாம்” என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் இரண்டு வாளி, அதாவது 15 லிட்டர் மட்டும் மாற்றுகிறோம். சைஃபன் குழாயால் கற்களுக்கு அடியிலுள்ள கசடை உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. புதுத் தண்ணீரில் மருந்து கலப்பது என் வேலை. பஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக அலசுகிறோம். பழுப்பு போகாது, போகவும் கூடாது. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். பாட்டி பாசத்தில் போடும் கூடுதல் பிடியைத் தடுப்பதுதான் இன்னும் கடினம்.

இரண்டடித் தொட்டிக்கு நான்கு தங்கமீன் அதிகம் என்றும் பெரியவர் சொல்லியிருந்தார். அதனால் துணைக்கு ஒன்றே ஒன்று வாங்கினோம், அதுவும் சோதனை நீர் ஒரு மாதம் மஞ்சளாகவே நின்ற பிறகு.

இந்த ஆண்டும் தீபாவளிக்கு வீடு கழுவினோம். தொட்டிக் கண்ணாடியில் மகள் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: “அப்பா தொடக்கூடாது.”