ரெயில் வராத ஊர்

1878-ம் ஆண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம்.

வில்லியானா ஹிக்மன் என்ற பெண், கணவருடன் புது ஊரில் குடியேற வந்தாள். ஊர் வந்துவிட்டது என்று கூட வந்தவர்கள் கூவினார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு வீட்டைக்கூடக் காணோம்!

கணவர் கையை நீட்டிக் காட்டினார். தரைக்குள்ளிருந்து புகை வந்து கொண்டிருந்தது. பூமியைக் குடைந்து, அதற்குள் மக்கள் குடியிருந்தார்கள். அது அவர்களுடைய அடுப்புப் புகை!

அவள் அழுதுவிட்டாள்.

அந்த ஊரின் பெயர் நிக்கோடெமஸ்.

சொந்த நிலம்

அமெரிக்காவில் 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பு இன மக்கள் சொந்த நிலத்துக்கு ஏங்கினார்கள். 1877-ல் கென்டகி மாநிலத்திலிருந்து சுமார் 300 பேர் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

கையில் பணம் இல்லை. ஏர் பூட்டப் போதிய குதிரைகள் இல்லை. மண்வெட்டியால் கொத்தியே பயிர் செய்தார்கள். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் என்ற பழங்குடி மக்கள் உணவு கொடுத்து உதவினார்கள்.

சதுரம் சதுரமாக

அமெரிக்காவில் நிலத்தைப் பங்கிட்ட முறை விசித்திரமானது. 1785-ல் வந்த சட்டப்படி நிலத்தைச் சதுரங்களாக அளந்தார்கள். ஒரு சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் 6 மைல். இதற்கு 'டவுன்ஷிப்' என்று பெயர். அதற்குள் 36 கட்டங்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர். அதில் 16-ம் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு!

1862-ல் இன்னொரு சட்டம் வந்தது. கால் கட்டம், அதாவது 160 ஏக்கர் நிலத்தில் 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால், அது அவர்களுக்கே சொந்தம். சிறு கட்டணம்தான். ஏழைகளை இழுத்தது இந்தச் சட்டமே.

ஏமாற்றம்

பத்தே ஆண்டுகளில் நிக்கோடெமஸ் வளர்ந்தது. பாங்கி, ஓட்டல்கள், கடைகள், இரண்டு பத்திரிகைகள் எல்லாம் வந்தன. அங்கே வாழ்ந்த எட்வர்டு மெக்கேப், 1882-ல் மாநிலத்தின் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி ரெயில் வந்தால் போதும் என்று மக்கள் நினைத்தார்கள். ரெயில் கம்பெனியை அழைத்து வர, 16 ஆயிரம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட 1887-ல் ஓட்டுப் போட்டார்கள்.

ரெயில் வரவில்லை! 1888-ல் வேறொரு கம்பெனி, ஆற்றுக்குத் தெற்கே சில மைல் தள்ளித் தண்டவாளம் போட்டது. அங்கே போக் என்ற புது ஊர் முளைத்தது. நிக்கோடெமஸ் கடைக்காரர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள்.

ஊர் அழியவில்லை

அக்கம்பக்கத்தில் இப்படி எத்தனையோ சிற்றூர்கள் அழிந்தன. நிக்கோடெமஸ் அழியவில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் அதை விட்டுப் போக மறுத்தார்கள். 1939-ல் சுண்ணாம்புக் கல்லால் டவுன்ஷிப் மண்டபம் கட்டப்பட்டது. 1996-ல் அரசாங்கம் இந்த ஊரைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

இன்று அங்கே குடியிருப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் ஊர் நிரம்பி வழியும். விடுதலைத் திருநாளைக் கொண்டாட, பல மாநிலங்களிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து கூடுகிறார்கள்.

வில்லியானா கண்ணீர் விட்ட அதே மண்ணில்!