மேசைமேல் ஒரு மதுரை

சின்னஞ்சிறு வீரர்களை மேசைமேல் அணிவகுத்துப் போர் நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இதற்கு விதிகள் வகுத்து 1913-இல் ஒரு நூலே எழுதினார். பேரையூர் மாணவியராகிய நாங்கள், பள்ளிக் கண்காட்சிக்காக, மதுரைக் கோட்டையின் முற்றுகையை இம்முறையில் அமைத்தோம். ஒரு நகரை மேசைமேல் கொணர எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இங்கே விளக்க விழைகின்றோம்.

முதலில் வரலாறு. மதுரையை ஆண்ட கான் சாகிபு எனப்படும் யூசுப்கான், ஆர்க்காட்டு நவாபையும் கம்பெனியாரையும் எதிர்த்து நின்றார். 1763-இல் தொடங்கிய முற்றுகை மழைக்காலத்தில் கைவிடப்பட்டது. 1764 ஜூன் மாதத் தாக்குதலையும் கோட்டை தாங்கியது. பின்னர் உணவு உள்ளே செல்லாதபடி வழிகளை அடைத்தனர். முடிவில் உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். அக்டோபர் 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இனி அளவு. எங்கள் வீரர்கள் அட்டைத் துண்டில் நிறுத்தி ஒட்டிய நெல்மணிகள். கால் அங்குல உயரம். அதாவது மனிதனில் முந்நூறில் ஒரு பங்கு. கோயிலையும் இதே அளவில் செய்தால் மதிலின் ஒரு பக்கமே இரண்டே முக்கால் அடி வரும். எங்கள் மேசையோ ஆறடிக்கு நான்கடி! ஆகவே தரைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கொண்டோம். 170 அடித் தெற்குக் கோபுரத்தை மட்டும் மூன்றரை அங்குலமாக உயர்த்தினோம். கணக்குப்படி இது பிழை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் ‘மதுரை’ என்று சொல்லவைப்பது அந்தக் கோபுரந்தானே!

அடுத்தது காலம். அன்று இரயில் நிலையம் கிடையாது. வடக்குக் கோபுரம் மொட்டையாகவே நின்றது. 19-ஆம் நூற்றாண்டில்தான் முழுமை பெற்றது. இன்றைய வெளி வீதிகள் இருக்குமிடத்தில் அகழியும் மதிலும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அவை அகற்றப்பட்டன. கோட்டையில் 72 கொத்தளங்கள் இருந்தன என்பர். நாங்கள் எட்டு வைத்தோம்.

வீடுகளில்தான் நாங்கள் தவறினோம். முதலில் அட்டையில் எண்பது வீடுகள் செய்து அடுக்கினோம். அழகாகத்தான் இருந்தது, ஆனால் தெருவில் விரல்கூட நுழையவில்லை, படை எங்கே நுழையும்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மாசி வீதிகளையும் வாயில்களுக்குச் செல்லும் வழிகளையும் மட்டும் ஒன்றரை அங்குல அகலத்தில் வரைந்தோம். மற்ற வீதிகளை விட்டுவிட்டோம். ஓரங்களில் நாற்பது தீப்பெட்டிகளை வைத்தோம். ஒரு பெட்டி ஒரு வீடு அன்று. ஒரு வரிசை வீடுகள்.

அப்போது எங்கள் வரலாற்று ஆசிரியை சகோதரி, “இந்த வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள்?” என்று கேட்டார்கள். நாங்கள் விழித்தோம். இரு தரப்புப் படைக்கும் நெல்மணி இருந்தது, ஊர்மக்களுக்கு ஒன்றுமில்லை. உடனே ஒவ்வொரு தீப்பெட்டியின் உள்ளறையிலும் ஒரு புளியங்கொட்டை வைத்தோம். கோட்டையின் தானியமாக ஒரு கிண்ணம் சோளம் வைத்தோம். ஒவ்வொரு சுற்றிலும் பெட்டிக்கு ஒரு சோளம், படைப்பிரிவுக்கு ஒரு சோளம் செலவாகும். சோளம் கிடைக்காத பெட்டியிலிருந்து கொட்டையை எடுத்துவிட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதைக் கோட்டைத் தலைவியே முடிவு செய்ய வேண்டும்.

கண்காட்சியன்று எங்கள் தலைவி படைக்கே முதலில் அளந்தாள். எல்லாத் தாக்குதலையும் முறியடித்தாள். மதில் ஓரிடத்திலும் இடியவில்லை. ஆட்டம் முடிந்ததும், “யாரம்மா ஜெயித்தது?” என்று ஒரு தாயார் வினவினார். தலைவி பதில் கூறாமல் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினாள். நாற்பதில் பதினொன்றில்தான் கொட்டை இருந்தது.

தோழியரே, நீங்களும் உங்கள் ஊரை மேசைமேல் அமைத்துப் பாருங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் சேர்க்க வேண்டாம். ஊரை அடையாளம் காட்டுவது ஒன்று, நடமாட வழி, நடந்த கதைக்கு வேண்டியவை, இவை போதும். ஆனால் வீடுகளை வைத்தால், உள்ளே ஆள் வைக்க மறவாதீர்கள்.