தேயும் ஸ்வரத்தின் வலிமை

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்திய சுத்தியல் எழும்பித் தந்தியை அடிக்கிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடி விட்டுப்போகும். மீதித் தூரத்தைச் சுத்தியல் பெற்ற வேகத்திலேயே கடக்கும். 1700-ஐ ஒட்டி ஃப்ளாரன்ஸில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபரி உருவாக்கிய இந்த அமைப்பால்தான் விரலழுத்தத்துக்கேற்ப மெல்லவும் ஓங்கியும் வாசிக்க முடிந்தது. ஆனால், பிறந்த கணமே தேயத் தொடங்கும் அந்த ஸ்வரத்தை வயலினைப் போல வளர்க்கவோ, கமகம் கொடுத்து அசைக்கவோ வழியில்லை. இத்தனை கட்டுப்பாடுள்ள கருவி, துணைக்கு யாருமின்றி நம்மைக் கலங்க வைக்கிறதே! தனி ஸ்வரத்தில் செய்ய முடியாததை ஸ்வரங்களுக்கு இடையிலான உறவில் செய்து காட்டுவதே அதற்குக் காரணம்.

இசையமைப்பாளர் ஷோப்பான் 1839-ல் வெளியிட்ட ஈ மைனர் பிரெலூட் என்ற சிறு பியானோ இசையில் இது துலக்கமாகத் தெரியும். தொடக்கத்தில் வலது கை ஒரு ஸ்வரத்தை நீளப் பிடிக்கிறது, அரை ஸ்வரம் மேலே எட்டிவிட்டுத் திரும்புகிறது, அவ்வளவே. இடது கை சீராகத் தட்டும் கார்டுகளிலோ (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களிலோ) ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக, பெரும்பாலும் அரை ஸ்வரமாக, கீழே நழுவுகின்றன. சற்றுமுன் இசைவாக ஒலித்த மேல் ஸ்வரம், தான் மாறாமலேயே உறுத்தத் தொடங்குகிறது. அது தேய்வதும் இங்கே குறையல்ல. மங்கும் மெட்டுக்குக் கீழே நடக்கும் சரிவு அதனால்தான் காதில் விழுகிறது.

அப்படியானால் உணர்ச்சி முழுவதும் இயற்றியவருடையது, வாசிப்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எழுதிய கால அளவை இம்மி பிசகாமல் துளையிட்ட காகித உருளையைத் தானியங்கிப் பியானோவில் ஓடவிட்டால் பதில் கிடைக்கும்: ஸ்வரங்கள் எல்லாம் சரி, இசை மட்டும் உயிரற்றுக் கிடக்கும். இடது கை தாளத்தில் நிற்க, வலது கை மட்டும் தயங்கி நகர்வதைப் பற்றி மோட்ஸார்ட் 1777-லேயே தந்தைக்கு எழுதியிருக்கிறார். தேர்ந்த கலைஞர்களின் வாசிப்பை அளந்தபோது, ஒன்றாக ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களில் மெட்டுக்குரியது சுமார் 30 மில்லி விநாடி முந்துவது தெரிந்தது. ஓங்கி அழுத்திய கட்டையின் சுத்தியல் விரைந்து சேர்வதே இதற்குப் பெரும் காரணம். மெட்டும் தனித்துக் கேட்கிறது. ஒரே வேகத்தில் சுத்தியல் அடித்தால் மேதையின் விரலும் குடைக்காம்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்ற இயற்பியலாரின் வாதத்தை ஒரு கட்டையளவில் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வாசிப்பவர் பத்து விரல்களின் வேகத்தைத் தனித்தனியே நிறுத்து, எந்த ஸ்வரம் எதன்மேல் படரலாம் என்பதைப் பெடலால் முடிவு செய்கிறார்.