இளமையில் நடுக்குவாதம்: மருந்தும் மருத்துவரும்

முதியோர் கை நடுங்கக் காண்பது நமக்குப் புதிதன்று. ஆயின், பொருளீட்டிக் குடும்பந் தாங்கும் முப்பது நாற்பது வயதில் ஒருவர் கை நடுங்குமாயின், அதனை நோயென்று உணர்வார் சிலரே. அச்சமென்பாரும் குடியின் விளைவென்பாருமே பலர். 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரித்தெழுதியமையாற் பின்னர் அவர் பெயரையே பெற்ற நடுக்குவாதம், ஐம்பது வயதிற்கு முன்னரே சிலரைப் பற்றுவதுண்டு. அன்னோர் இந்நோயோடு பல பத்தாண்டுகள் வாழவேண்டியவராதலின், மருந்தோடும் மருத்துவரோடும் அவர்க்குள்ள உறவு வாழ்நாள் முழுதும் நீள்வதாகும். அவ்வுறவை எங்ஙனம் பேணுதல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

நடுமூளையில் கரிய நிறமுடைய ஒரு சிறு பகுதி உளது. ஆண்டுள்ள நரம்பணுக்கள் டோப்பமீன் என்னும் பொருளைச் சுரந்து உடலசைவைச் செவ்விதாக்குகின்றன. அவை படிப்படியாக அழியுங்கால் நடை தளர்கின்றது, தசை விறைக்கின்றது, கை நடுங்குகின்றது. டோப்பமீனை மருந்தாக உண்டால் அது மூளையினுட் புகாது. அதன் முற்பொருளாகிய லெவோடோபாவோ உட்புகுந்து டோப்பமீனாக மாறும். 1961-ல் வியன்னா நகரிற் பிர்க்மயரும் ஹார்னிகீவிச்சும் இதனை ஊசிவழிச் செலுத்தி நன்மை கண்டனர். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோப்பாவைச் சிறிது சிறிதாக அளவேற்றி வாய்வழிக் கொடுக்கும் முறையை வகுத்தார். மூளையை அடையுமுன் வீணாகாதிருக்கக் கார்பிடோபா போன்ற துணைமருந்தோடு சேர்த்தே இன்று லெவோடோபாவைத் தருகின்றனர்.

எனினும் இம்மருந்து நோயின் வேரை அறுப்பதன்று; குறைந்ததை நிரப்புவதே. குருதியில் இதன் அளவு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற் பாதியாகிவிடுகின்றது. தொடக்கத்தில், எஞ்சியுள்ள அணுக்கள் மிகுதியைச் சேமித்து வைத்து உதவுகின்றன. அவையும் குறைந்தபின், அடுத்த வேளை வருமுன்னரே மருந்தின் ஆற்றல் வடிந்து உடல் மீண்டும் விறைக்கும். அளவு மிகுந்தாலோ, கையும் காலும் கழுத்தும் தாமாகவே நெளியும். இளமையில் நோயுற்றோர்க்கு இவ்விரு தொல்லையும் விரைந்து வருகின்றன. ஆதலின் மருந்தின் அளவைப் போன்றே அதனை உண்ணும் வேளையும் இன்றியமையாததாம்.

உணவும் இதனோடு தொடர்புடையது. பருப்பு, முட்டை, இறைச்சி முதலியவற்றிலுள்ள புரதத்தின் கூறுகள் லெவோடோபா செல்லும் வழியிலேயே செல்வன, அதனோடு போட்டியிடுவன. எனவே உணவுக்கு அரைமணி முன்னரோ ஒருமணி பின்னரோ மருந்துண்ணுமாறு பலர்க்கும் அறிவுறுத்துவர். இரும்புச்சத்து மாத்திரையும் இதனோடு ஒருங்கே உண்ணத்தக்கதன்று. யாவற்றினும் முதன்மையானது, மருந்தைத் தாமே திடீரென நிறுத்தாமை. நிறுத்தின், கடும் விறைப்பும் காய்ச்சலும் தோன்றி உயிர்க்கே இடுக்கண் நேரலாம்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் எனக் காட்டுகின்றார். நோயாளி முதற்கண் வைக்கப்பட்டமை இந்நோய்க்குப் பெரிதும் பொருந்துவதாகும். என்னை? மருத்துவர் அவரைக் காண்பது சில மணித்துளிகளே. அவ்வேளை மருந்து நன்கு வேலை செய்யும் வேளையாயின், நோயாளி நலமாக நடந்து வருவார்; காலையிற் படுக்கையினின்று எழமாட்டாது அவர் கிடந்ததை மருத்துவர் அறியார். ஆதலின், மருந்துண்ட நேரம், உணவுண்ட நேரம், உடல் இளகிய நேரம், விறைத்த நேரம், நெளிந்த நேரம் ஆகியவற்றைச் சில நாட்களேனும் ஒரு குறிப்பேட்டில் எழுதிச் செல்லல் வேண்டும். அவ்வேடு மருத்துவர் காணாத வேளைகளையும் அவர்க்குக் காட்டும்.

எழுதுதற்குக் கூசும் செய்திகளும் உள. பிராமிபெக்சோல், ரோப்பினிரோல் முதலிய மருந்துகள், சிலர்க்கு அடக்கலாகாத சூதாட்ட வேட்கையையும், வீண்செலவு செய்யும் விருப்பத்தையும், மிகு காமத்தையும் தூண்டுகின்றன. இளையோர்க்கு இவ்வபாயம் மிகுதி. ஒழுக்கமாக வாழ்ந்த ஒருவர் இதனைத் தம் குணக்கேடென்று கருதி வாய்திறவாதிருப்பின், குடும்பமும் செல்வமும் அழிதல் கூடும். இது மருந்தின் விளைவென்று அறிந்து உரைத்தால், மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து மாற்றுவார். மனைவியோ கணவனோ இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம். நோயாளி உணராததை உடனிருப்போர் உணர்வர். மனச்சோர்வும் உறக்கமின்மையும் இவ்வாறே மறையாது கூறத்தக்கன.

பிற மருத்துவரிடம் செல்லுங்காலும் மருந்துப் பட்டியல் கையிலிருத்தல் வேண்டும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு போன்றவை டோப்பமீனின் செயலைத் தடுத்து இந்நோயை மிகுவிப்பன. நாட்டு மருந்தையும் மறைத்தலாகாது. பூனைக்காலி விதையினின்று லெவோடோபாவைத் தாமோதரனும் இராமசாமியும் 1937-ல் சென்னையிற் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அவ்விதையை மாத்திரையோடு தாமே சேர்த்துண்பவர், அளவறியாது ஒரே மருந்தை இருமடங்காக உண்பவராவர்.

நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 1991-ல் முப்பது வயதளவில் இந்நோயுடையவரென அறியப்பெற்றார். 1998 வரை உலகறியாது அதனை மறைத்தார். நடிக்கும் வேளையில் நடுக்கம் புலப்படாதவாறு மருந்துண்ணும் நேரத்தைக் கணித்து வந்ததைப் பின்னர்த் தாமே எழுதியுள்ளார். வேலை போய்விடுமோ, மணம் தடைப்படுமோ என்று அஞ்சும் இளையோர் நம்மிடையேயும் இருப்பர். எல்லாரிடமும் கூறவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அஃது அவரவர் விருப்பம். ஆயின் மருத்துவரிடமேனும் மறைவின்மை வேண்டும். கூறத் துணிந்தோரை நகையாதும் இரங்கித் தள்ளாதும் நண்பராகவே நடத்துதலும், கடிகாரம் மருந்துவேளையைக் காட்டும்போது வகுப்பிலும் அலுவலகத்திலும் அவர்க்கு இடந்தருதலும் நம் கடமையாகும்.